கடைசி வருடம்: டூர் பணம், தோழிகள், மூக்கனேரி

கல்லூரியில் மூன்றாம் வருடம் தொடங்கும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், "கடைசி வருஷம், நல்லா என்ஜாய் பண்ணிக்கோங்க" என்று. அந்த என்ஜாய்க்கு யார் பணம் வசூலிப்பது, யார் போன் போட்டு அட்வான்ஸ் கொடுப்பது, ஏதாவது கெட்டுப்போனால் யார் எல்லோருக்கும் பதில் சொல்வது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் சேலத்தில் பி.காம். படித்தவள், 2022-ல் சேர்ந்து 2025-ல் முடித்தேன். கடைசி வருடம் எங்கள் வகுப்புக்கு ரெப், அதாவது வகுப்புப் பிரதிநிதி, நான்தான். அந்த ஒரு வருடத்தில் பணம் போனது, நெருங்கிய தோழி ஒருத்தி பேச்சை நிறுத்தினாள், பல மாதம் இரவில் ஒழுங்கான தூக்கமில்லை. வீட்டிலும் சொல்ல முடியாமல் வகுப்பிலும் சொல்ல முடியாமல் தனியாகவே சுமந்தேன். இப்போது மூன்றாம் வருடம் படிக்கிற தங்கைகள் யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் சேலத்தில் இருக்கும் மூக்கனேரி என்ற ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி வருடத்தில் நான் முதலில் இழந்தது அதைத்தான். எனக்கு வீடு அம்மாபேட்டையில். அப்பா கைத்தறி நெசவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்கு நூலைக் குழலில் சுற்றி, அதாவது தார் சுற்றிக் கொடுப்பதுதான் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பொழுது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது சீனியர் அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குக் கூட்டிப்போய்ப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் கன்னங்குறிச்சி டவுன் பஸ் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஏரிக்கு நடுவே மண் திட்டுகள் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், அதில்தான் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாரா என்று ஒன்று உண்டு, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போகும், முதல்முறை பார்த்தபோது நிஜமாகவே பாம்பு என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது ஒரு கட்டையில் ஏறி, இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்கு ஒரு நோட்டில் பெயர்களை எழுத ஆரம்பித்தவள்தான். எங்கள் வகுப்பு மேட்டூர்க்காரியும் அப்புறம் கூட வர ஆரம்பித்தாள், விடுதியில் இருந்ததால் அவளுக்கும் ஞாயிறு காலை சும்மாதான் இருந்தது. சொந்தமாக ஒரு பைனாகுலர் வாங்க வேண்டும் என்று, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்தேன்.

மூன்றாம் வருடம் ஆரம்பித்ததும் இது தானாக நின்றுபோனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை டேலி என்ற கணக்குப் பதிவு மென்பொருள் வகுப்பு, ஞாயிறு காலை வங்கித் தேர்வுக்கான கோச்சிங், மீதி நேரம் புராஜெக்ட். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் போகலாம் என்று இரண்டு பேருமே மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம், நோட்டில் ஜூலைக்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இங்கே ஒன்று சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த விஷயம் எதுவாக இருந்தாலும், கோலமோ கபடியோ படம் வரைவதோ, கடைசி வருடத்தில் அதற்கென்று தனியாக நேரம் மிஞ்சும் என்று காத்திருக்காதீர்கள், மிஞ்சவே மிஞ்சாது. கோச்சிங்கில் சேருவதற்கு முன்னாலேயே, பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, "எனக்கு ஞாயிறு பேட்ச் வேண்டாம், வேறு பேட்ச் இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலான சென்டர்களில் இரண்டு மூன்று பேட்ச் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அப்புறம் அந்த நேரத்துக்கு இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் மட்டும் என்றால் படுத்துத் தூங்கிவிடுவோம், பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால் எழுந்து ஓடுவோம்.

சரி, டூருக்கு வருகிறேன். எங்கள் துறையில் கடைசி வருடப் பிள்ளைகள் ஏற்காட்டில் ஒரு இரவு தங்கிவிட்டு வருவது வழக்கம் என்று சீனியர்கள் சொல்லிச் சொல்லி எங்கள் மனதில் பதிந்துவிட்டது. கல்லூரி இரவு தங்கலுக்கு அனுமதி தராது, அதனால் பிள்ளைகளே ஏற்பாடு செய்துகொண்டு போவார்கள், எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது என்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. செப்டம்பரில் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஆரம்பித்தது. செமஸ்டர் தேர்வு முடிகிற கையோடு, டிசம்பர் முதல் வாரத்தில் சனி ஞாயிறு என்று முடிவானது. முதல் தவணை ஆளுக்கு 1,000 ரூபாய். 31 பேர் கொடுத்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அது புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு வரும் பணம் அது, நாங்கள் கல்லூரியில் சேர்ந்த 2022-ல், செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பல பேர் அந்தப் பணத்தில்தான் பஸ் பாஸ், ஜெராக்ஸ், சில பேர் வீட்டு மளிகைகூடப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதப் பணம் முழுவதையும் என் கூகுள் பேக்கு அனுப்பினார்கள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

அந்த 31,000 ரூபாய் என் சொந்தக் கணக்கில் இருந்தது. என் புதுமைப் பெண் பணமும் டியூஷன் பணமும் அதே கணக்கில்தான். இரவு படுக்கும்போது போனை எடுத்து பேலன்ஸ் பார்ப்பேன், எது யாருடையது என்று ஒரு முறை கூட்டிப் பார்ப்பேன், அப்புறம்தான் தூக்கம் வரும். ஏற்காட்டில் தங்குமிடத்துக்கு அட்வான்ஸ் 12,000, வேனுக்கு அட்வான்ஸ் 8,000, பெயர் அச்சடித்த டி-சர்ட் ஒன்று 260 ரூபாய் வீதம் 8,060. மூன்றும் கொடுத்தது போக மீதி 2,940. தங்குமிடக்காரர் போனில் நன்றாகத்தான் பேசினார், "நம்ம புள்ளைங்க மாதிரி பாத்துக்கறோம் பாப்பா, ஒண்ணும் கவலைப்படாத" என்றார். பணம் அனுப்பியதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் தவிர வேறு எந்த எழுத்தும் எங்களிடம் இல்லை. அட்வான்ஸ் கேட்டால் இப்படித்தான் எல்லோரும் அனுப்புகிறோம்.

அப்புறம் புயல் வந்தது. ஃபெஞ்சல் புயல், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்துவிட்டு, கடலோரத்தோடு போகாமல் உள்ளே நகர்ந்து நம் பக்கம் வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சேலத்திலும் விடாமல் கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, பாறையும் மரமும் ரோட்டில் விழுந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் குழித்தறி, மழை பெய்தால் தறிக்குழியில் ஊற்று மாதிரி தண்ணீர் ஏறிவிடும். அப்பா வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், அந்த வாரம் முழுக்க ஒரு முழம்கூட நெய்ய முடியவில்லை. நான் ஒரு பக்கம் அவருக்கு வாளி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குரூப்பில் வரிசையாக வந்துகொண்டே இருந்தது, "எங்க வீட்ல அனுப்ப மாட்டாங்க", "நான் வரல ப்பா", "காசு எப்போ கிடைக்கும்?"

வேன்காரர் 8,000-ல் 5,000 திருப்பிக் கொடுத்தார், டிரைவருக்குப் பேசிவிட்ட கூலி போக மீதி என்றார், அதில் எனக்கு வருத்தமில்லை. தங்குமிடக்காரர் முதலில் "தேதி மாத்திக்கலாம் பாப்பா" என்றார். சரி, ஜனவரி கேட்டோம். பொங்கல் விடுமுறைக்கு ரேட் வேறு என்றார். பிப்ரவரி கேட்டோம், பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். 12,000 ரூபாய் போனது போனதுதான். போலீஸில் சொல்லலாமா என்று ஒரு பேச்சு வந்தது, ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் பணம் கொடுத்தவர்களே பாதிப் பேர், புகார் என்றால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? பின்னால்தான் தெரிந்தது, இந்த மாதிரி விஷயத்துக்கு 1915 என்று நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, போனிலேயே புகார் பதியலாம். ஆனால் அதற்கும் கையில் ஏதாவது எழுத்து இருந்தால்தான் பேச்சு நிற்கும்.

அதனால் தங்குமிடமோ வண்டியோ, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் இரண்டே கேள்வி அனுப்புங்கள். நாங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மழையால் பாதை மூடினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். அவர் பதில் தட்டச்சு செய்து அனுப்பிய பிறகுதான் பணம். வாய்ஸ் மெசேஜ், போன் பேச்சு எதுவும் உதவாது. பதில் போடத் தயங்குகிற ஆளாக இருந்தால் அப்போதே வேறு இடம் பாருங்கள். அட்வான்ஸ் தொகையை மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போக விடாதீர்கள். டி-சர்ட்டைக் கடைசியாக ஆர்டர் செய்யுங்கள், போகிற நாளுக்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்தால்கூட அச்சடித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. முக்கியமாக, வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அந்த மூன்று மாதத்தில் மலைக்கு இரவு தங்கல் வைக்காதீர்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் பாதையும் நன்றாக இருக்கும், கூட்டமும் மே மாதம் மாதிரி இருக்காது.

பணம் வசூலிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒருத்தியின் கணக்கில் மொத்தப் பணமும் இருப்பது அவளுக்கு நல்லதில்லை. இரண்டு பேர் சேர்ந்து வசூலியுங்கள், பாதிப் பெயர் ஒருத்திக்கு, பாதிப் பெயர் இன்னொருத்திக்கு. புழக்கம் இல்லாத ஒரு கணக்கு யாரிடமாவது இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், உதவித்தொகை வருகிற கணக்கைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு செலவையும் அன்றைக்கே குரூப்பில் போட்டுவிடுங்கள், கேட்கும் வரை காத்திருந்தால் கேட்கிற தொனியே வேறாக இருக்கும். பணம் வாங்கும் முன்னால் ஒரு தேதி சொல்லிவிடுங்கள், இந்தத் தேதி வரை விலகினால் முழுப் பணம், அதற்குப் பிறகு விலகினால் அட்வான்ஸில் அவரவர் பங்கு கழிக்கப்படும் என்று. பெண் பிள்ளைகள் வகுப்பாக இருந்தால் பணத்துக்கு முன் வீட்டில் அனுமதி. அம்மாவோ அப்பாவோ ஒரு வார்த்தை சரி என்று சொன்ன பிறகு பெயரைச் சேர்த்தால் போதும், அப்படிச் சேர்த்திருந்தால் எங்கள் பட்டியல் 31 இருந்திருக்காது, 15 கூட வந்திருக்காது, அந்தச் சில பேருக்கு ஏற்ற மாதிரி எதையாவது செய்திருக்கலாம்.

கையில் இருந்த 2,940-ம் வேன்காரர் கொடுத்த 5,000-மும் சேர்த்து 7,940. ஆளுக்கு 250 வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே ஆறு பேர் முழுப் பணத்தையும் கேட்டுக் குரூப்பில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஓமலூர்க்காரி. முதல் வருடத்திலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், என் டிபன் பாக்ஸை நான் திறக்கும் முன் திறப்பவள். "எல்லார் காசும் ஒருத்தர் கையில இருந்தா இப்படித்தான் ஆகும்" என்று எழுதினாள். அதற்குக் கீழே நான்கு பேர் கட்டை விரல் போட்டிருந்தார்கள். அந்த இரவு நான் அழுததை என் தங்கைகூடப் பார்க்கவில்லை, தார் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை பைனாகுலருக்குச் சேர்த்த பணத்தில் 6,000 எடுத்து ஆறு பேருக்கும் அனுப்பிவிட்டேன். அந்த ஆறு பேருக்கும் எப்படியும் வரவேண்டிய 1,500-ஐக் கழித்து, என் பங்கில் போன 750-யும் சேர்த்தால் மொத்தம் 5,250 ரூபாய் என் கையைவிட்டுப் போனது. அப்பாவுக்கு அந்த வாரம் கூலியே இல்லை என்பது தெரிந்தும் அனுப்பினேன், திருட்டுப் பட்டம் மட்டும் வரக்கூடாது என்று இருந்தது.

ஓமலூர்க்காரி அதற்குப் பிறகு இடம் மாறி உட்கார்ந்தாள். ஏன் அவ்வளவு கோபம் என்பது மார்ச் மாதம்தான் தெரிந்தது, அதுவும் அவள் சொல்லி இல்லை, அவளுடைய அக்கா சொல்லி. டூர் பணத்தைத் தேர்வுக் கட்டணம் என்று வீட்டில் சொல்லி வாங்கியிருக்கிறாள், புயல் வாரத்தில் அது வீட்டில் தெரிந்துபோய் அடியே விழுந்திருக்கிறது, படிப்பை நிறுத்துகிறேன் என்று அவள் அப்பா குதித்திருக்கிறார். அது தெரிந்ததும் எனக்கு இருந்த கோபம் எல்லாம் இறங்கிவிட்டது. நேராகப் போய்ப் பேசினேன், அவளும் பேசினாள், ஆனால் பழைய மாதிரி ஆகவில்லை, இன்றைக்கும் ஆகவில்லை. ஒருத்தி குரூப்பில் காசைப் பற்றிக் கடுமையாக எழுதினால் அங்கேயே பதில் எழுதாதீர்கள். அன்றைக்கே, முடிந்தால் அவள் வீட்டு பஸ் ஏறியாவது, நேரில் போய் "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேளுங்கள். 1,000 ரூபாய்க்கு ஒருத்தி அவ்வளவு துடிக்கிறாள் என்றால் அந்த 1,000-க்குப் பின்னால் வீட்டில் ஏதோ ஒன்று நடக்கிறது. எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் முக்கால்வாசிப் பேர் இந்த நிலைமைதான்.

டூர் நின்றுபோன பிறகு மீதி இருந்த வழக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஜனவரியில் கல்லூரிப் பொங்கல், பிப்ரவரியில் சேலை தினம், மார்ச் கடைசியில் ஃபேர்வெல். சேலை தினத்துக்கு எல்லோரும் ஒரே நிறப் பட்டு மாதிரி சேலை எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. சேலை, பிளவுஸ் தைக்கிற கூலி, பார்லர், பூ என்று கணக்குப் போட்டால் ஆளுக்கு 2,000-ஐத் தாண்டியது. நெசவாளி வீட்டுப் பெண்ணாகச் சொல்கிறேன், ஒருநாள் கட்டுவதற்காக எல்லோரும் அவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. இந்த முறை நான் எழுந்து சொன்னேன், அவரவர் அம்மாவுடைய சேலை, எது இருக்கிறதோ அது, பிளவுஸ் பொருந்தவில்லை என்றால் ஊசி நூல் நான் கொண்டுவருகிறேன் என்று. முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒருத்தி விடாமல் எல்லோரும் வந்தார்கள். முந்தைய வருட சீனியர்களில் எட்டு பத்துப் பேர் அந்த நாளில் லீவு போட்டிருந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம், காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு வழக்கத்தை வைக்கும் முன் யாரால் வர முடியாமல் போகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், போதும்.

பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது, அதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. உலகம் முழுக்க ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2025-ல் பிப்ரவரி 14 முதல் 17 வரை. இந்தியாவில் அதே நாட்களில் கல்லூரி வளாகங்களுக்கென்றும் கணக்கெடுப்பு உண்டு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்ணில் பட்ட பறவை எல்லாவற்றையும் எத்தனை என்று எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிவேற்ற வேண்டும், அவ்வளவுதான். மேட்டூர்க்காரிதான் ஞாபகப்படுத்தினாள். 14-ம் தேதி வெள்ளிக்கிழமை, காலை முதல் மணி அடிப்பதற்கு முன் கேன்டீன் பக்கம் நின்றோம். இரண்டே பேர். பைனாகுலர் கிடையாது. அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், மூன்று வருடமாக அதன் அடியில்தான் டீ குடித்திருக்கிறோம். கிளை ஒடிந்த பொந்தில் இரண்டு புள்ளி ஆந்தைகள் ஒட்டி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. மைனா அளவுதான் இருக்கும், நெற்றி முழுக்க வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கண். நாங்கள் ஒரு அடி முன்னால் வைத்தால் தலையை மேலும் கீழும் ஆட்டும், பக்கவாட்டில் நகர்த்தும், மறுபடி நேராகப் பார்க்கும். கேன்டீன் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டே "அதுங்க நான் வேலைக்கு வந்ததுல இருந்து இருக்குது, இப்பத்தான் பாக்கறீங்களா?" என்றார். அடுத்த நாளே ஜூனியர்கள் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், திங்கட்கிழமை பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள். தேன்சிட்டு, தையல்சிட்டு, மைனா, காகம் என்று தெரிந்ததை எல்லாம் எண்ணினோம். அடுத்த வருடமும் நடத்துகிறோம் அக்கா என்று இரண்டாம் வருடப் பிள்ளைகள் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பைசா வசூல் இல்லை. புதிதாக ஒரு வழக்கத்தை விட்டுவிட்டுப் போக ஆசைப்படுகிறவர்கள் இந்த மாதிரி ஒன்றைப் பாருங்கள், பறவைதான் என்றில்லை, காசு கேட்காத, ஆள் எண்ணிக்கை பார்க்காத, இரண்டு பேர் இருந்தால்கூட நடத்திவிடக்கூடிய ஒன்று.

ஏற்காட்டுக்கும் கடைசியில் போனோம். எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி நாகலூர்ப் பக்கம், ஏற்காட்டுக்கு அந்தப் புறம். விடுதியில் தங்கிப் படித்தாள், டூர் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை, சொந்த ஊருக்கு எதற்கு டூர் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மார்ச்சில் ஒருநாள் அவளே கேட்டாள், "எங்க ஊருக்கு ரூம் போட்டுத்தான் வரணுமா? எங்க வீட்டுக்கு வாங்களேன்." மூன்று வருடம் ஒரே வகுப்பு, யாரும் அவள் வீட்டுக்குப் போனதில்லை, சேலத்து வீடுகளுக்கெல்லாம் அவள் வந்திருக்கிறாள். ஐந்து பேர் கிளம்பினோம். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கிறது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். சில இடங்களில் டிசம்பரில் சரிந்த மண்ணின் தழும்பு சிவப்பாக அப்படியே தெரிந்தது. மேலே முந்தைய வாரம் ஒரு மழை பெய்திருந்ததால் காபிச் செடியெல்லாம் பூத்திருந்தது, கிளை நெடுக வெள்ளையாக, மல்லிகை மாதிரி வாசனை. அந்தப் பூ சில நாள்தான் நிற்குமாம், அதற்கு முன் ஒரு மழை வேண்டுமாம், அவள் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்பவர், அவர்தான் சொன்னார். "டிசம்பர்ல நாங்களே பழம் பறிக்கப் போக முடியாம வீட்ல உக்காந்திருந்தோம், அப்ப போயி வர்றதா இருந்தீங்களா கண்ணு?" என்று கேட்டார். சாமைச் சோறும் மொச்சைக் கொட்டைக் குழம்பும் போட்டார். பஸ், போகும் வழியில் வாங்கிய பழம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை. சாயங்காலம் இருட்டுவதற்குள் சேலம் திரும்பிவிட்டோம். போகிற ஊரில் வகுப்புத் தோழி யாராவது இருந்தால் அவளிடம் முதலில் பேசுங்கள். எந்த மாதம் போகலாம், எந்த வழி நல்லது என்று அவளுக்குத் தெரிவது நெட்டில் கிடைக்காது, அவளுக்கும் நம்மைக் கேட்டார்களே என்று இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஃபேர்வெல் அன்று எல்லோரும் ஆட்டோகிராஃப் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினார்கள், கீழே போன் நம்பர். படிப்பு முடிந்த மூன்றாம் மாதமே அதில் பல நம்பர் வேலை செய்யவில்லை. எங்கள் வகுப்பில் தேர்வு முடிந்த கையோடு கல்யாணமானவர்கள் சிலர், ஆத்தூர்க்காரிக்கு ஜனவரியிலேயே நிச்சயம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சிம் மாறிவிடுகிறது, குரூப்பிலிருந்து பெயர் தானாகவே போய்விடுகிறது, அதற்கப்புறம் யாரைக் கேட்பது? நாங்கள் தப்பித்தது மேட்டூர்க்காரியால், அவள் ஒரு நோட்டைச் சுற்றவிட்டு எல்லோரிடமும் அவரவர் அம்மாவின் நம்பரை எழுதி வாங்கி வைத்திருந்தாள். அம்மாக்களின் நம்பர் மாறுவதில்லை. ஆத்தூர்க்காரி இப்போது பாலக்கோட்டில் இருக்கிறாள் என்பது அவள் அம்மாவுக்குப் போன் செய்துதான் தெரிந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள், தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அப்போதுதான், மூக்கனேரிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ரெப்பாக இருப்பவர்கள் இந்த நம்பர் நோட்டை ஃபேர்வெல் வரை தள்ளாதீர்கள், அன்றைக்கு ஆளாளுக்குப் போட்டோ எடுக்கிற அவசரத்தில் இருப்பார்கள். கல்லூரிப் பொங்கல் அன்று, பானை பொங்குவதற்காக எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.